மேட்ரன் வீட்டு நோயாளி

"தோளைப் பிடிச்சு இழுக்காதீங்க சிஸ்டர்! இடுப்புக்கு அடியில கை கொடுத்துத் திருப்புங்க. தோள்பட்டை கழண்டு வந்துட்டா யார் பொறுப்பு?"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதியோர் வார்டிலேயே தலை நரைக்கத் தொடங்கியவள் அவள். அவளுக்கே பாடம் நடக்கிறது!

"சரிம்மா. நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்."

"இவ ஆஸ்பத்திரிக்கு மேட்ரனாப் போயிருக்க வேண்டியவ," என்று கட்டிலில் கிடந்த பெரியவர் முனகினார். "எனக்கு வந்து வாய்ச்சுட்டா."

"பாருங்க சிஸ்டர், கை காலையெல்லாம் பிடிச்ச வாதம் இவர் வாயை மட்டும் விட்டுடுச்சு," என்றாள் மனைவி.

மனைவிக்கு முதுகு வலி முற்றிவிட்டது என்பதால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸை அனுப்பியிருந்தார்கள். அந்த வீட்டுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

பெரியவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து உடம்பு முழுக்கப் பார்த்தாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. முழங்கால்களுக்கு நடுவே தலையணை. குதிகால் மெத்தையில் உரசாமல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. முதுகிலும் இடுப்பெலும்பிலும் லேசான சிவப்புகூட இல்லை.

"எங்க வார்டுலகூட இப்படிப் பார்த்துக்க முடியாதும்மா. ஒரு புண்ணு இல்லையே!"

"வர விட்டுடுவேனா? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டுடுவேன், ராத்திரியும்தான்," என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பைப் பிடித்தாள்.

"ஒத்தை ஆளாத் தூக்காதீங்க. அடியில ஒரு துணியைப் போட்டு, அதை இழுத்துத் திருப்புங்க. உங்க முதுகு போயிட்டா இவருக்கு யாரு?"

"அது கிடக்கு. பவுடர் தீர்ந்துபோச்சு, முனைக் கடையில வாங்கிட்டு வந்துடறேன். பால் அடுப்புல இருக்கு, ஒரு கண்ணு வெச்சுக்கோங்க."

அவள் போனதும் நர்ஸ் பெரியவரின் காலை மெல்ல நீவிவிட்டாள். கெண்டைக்காலில் கை பட்டதும் அப்படியே நின்றது. இத்தனை நாள் படுத்திருப்பவருக்குச் சதை வற்றி, பாதம் தொங்கிப் போயிருக்க வேண்டும். இதுவோ கல் மாதிரி இறுகியிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

குழப்பத்தோடு கை கழுவக் குளியலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

விழுந்துவிட்டார்! பதறிப்போய்க் கட்டிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். இல்லை. அடுப்படியில் ஏதோ சத்தம். ஓடினாள்.

அங்கே பொங்கிய பாலை இறக்கி வைத்துவிட்டு, சிந்தியதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் பெரியவர். எதையும் பிடித்துக்கொள்ளாமல், நிமிர்ந்து நின்று.

நர்ஸ் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சத்தம் போட்டுடாதீங்கம்மா," என்றார் அவர். பிறகு விறுவிறுவென்று நடந்து போய்ப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணையையும் தானே செருகிக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எத்தனை நாளா இந்த நாடகம்?"

"மாசக்கணக்கா. வாதம் வந்தது நிஜம்தான். கால் திரும்பி வந்ததும் நிஜம். அவ வெளிய போற நேரமாப் பார்த்து நடந்து பழகிட்டேன்."

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா? முதுகு ஒடியத் தூக்குறாங்க. பீ மூத்திரம் அள்ளுறாங்க. படுத்துக்கிட்டு சேவகம் வாங்குறது அவ்வளவு சுகமா இருக்கா?"

"ஒவ்வொரு தடவையும் கூசிச் செத்துப் பிழைக்கிறேன்மா."

"அவங்க வந்ததும் முதல் வேலையா இதைச் சொல்லத்தான் போறேன்."

வாசல் பக்கம் ஒரு கண் வைத்தபடி பெரியவர் அவசர அவசரமாகச் சொன்னார்.

"எங்களுக்கு ஒரே பொண்ணு. பிரசவத்துக்குப் போனவ திரும்பி வரலை. அன்னைக்குப் படுத்தவதான் இவ. சுவரைப் பார்த்தபடியே கிடந்தா. ஊட்டினா துப்பிடுவா. குளிப்பாட்டுறது, தலை சீவுறது எல்லாம் நான்தான். எனக்கு என்ன தெரியும்? முதுகெல்லாம் புண்ணாப் போச்சு. எந்த மருந்துக்கும் அசையலை. அப்புறம் ஒருநாள் நான் வாதம் வந்து தொபுக்கடீர்னு விழுந்தேன். அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடி வந்தவதான் சிஸ்டர், இன்னும் படுக்கலை. இப்ப நான் எழுந்துட்டா, அவ திரும்பப் படுத்துடுவா."

மூச்சிரைக்க உள்ளே வந்தாள் மனைவி. பவுடர் டப்பாவை வைத்துவிட்டு, விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள்.

"என்ன சிஸ்டர், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? ஏதாவது முன்னேற்றம் தெரியுதா, இல்லையா?"

நர்ஸ் பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தாள்.

"நல்ல முன்னேற்றம்மா. நாளையிலிருந்து தூக்குறதுக்கு நானும் வரேன்," என்றவள் கட்டில் பக்கம் திரும்பவே இல்லை, அந்த அம்மாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.