லீவு எடுக்காத அப்பா

குழந்தை சித்தப்பாவின் தோளில் தூங்கியபடி அவன் சட்டைக் காலரை எச்சிலால் நனைத்துக்கொண்டிருந்தது. படைவீரர் நல அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரிக்கு அந்தக் காட்சி அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சுவரில் ராணுவ உடையில் ஒரு படம். படத்துக்கு நேர் கீழே, தையல் மெஷினுக்குப் பின்னால், அதே மூக்கு, அதே காது, அதே இடத்தில் ஆரம்பிக்கும் அதே வழுக்கையோடு, தோளில் குழந்தையுமாக டெய்லர். அண்ணன் எல்லையில், தம்பி ஊசி நூலோடு என்றுதான் தெருவுக்கே தெரியும்.

"இரட்டைப் பிள்ளைங்களா?" என்றார் அதிகாரி.

"ஒரே வலியில ரெண்டு உருப்படி சார்," என்றாள் மாமியார். இரண்டு பேரையும் பெற்றவள், காய்கறிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தே நரைத்தவள். "ரெண்டையும் நான்தான் ஆளெடுப்புக்குத் தள்ளிவிட்டேன். பெரியவன் தேறிட்டான். சின்னவன் பரீட்சையில கோட்டை விட்டுட்டு சோறு தண்ணி இல்லாம கிடந்தான். ரயிலேத்த ரெண்டு பேரும் போனாங்க, ஒருத்தன் திரும்பி வந்தான்."

அதிகாரிக்கு இந்தக் கதை தேவையில்லை. அவர் பையில் இன்னும் பிரிக்காத உறை ஒன்று இருந்தது. எல்லோருடைய கண்ணும் அதன் மேல்தான்.

குழந்தைக்கு ஒரு பாதம் உள்பக்கமாக வளைந்திருந்தது. நடக்கத் தொடங்குவதற்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும். ராணுவ ஆஸ்பத்திரியில் செய்வார்கள். ஆனால் அதற்கு அட்டை வேண்டும், அட்டைக்கு அப்பா வேண்டும். அப்பாவோ ஒன்றரை வருஷமாக லீவே எடுக்கவில்லை. குழந்தைக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது.

கணக்கு உதைத்ததால்தான் மரபணுப் பரிசோதனை. அதன் முடிவுதான் அந்த உறையில்.

வெளியே ஏதோ லாரி டயர் 'டமார்' என்று வெடித்தது. டெய்லரைக் காணவில்லை. துணி வெட்டும் மேஜைக்கு அடியில், குழந்தையை நெஞ்சோடு அணைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தான். குழந்தை விழிக்கக்கூட இல்லை.

அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். "அண்ணனோட தைரியத்துல கால்வாசிகூட உனக்கு இல்லையேப்பா."

"சின்னதுல இருந்தே அப்படித்தான் சார்," என்றாள் மாமியார். சமையலறை வாசலில் டீ டம்ளரோடு நின்ற மருமகள், தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக மேஜைக்கு அடியைப் பார்த்தாள்.

அதிகாரி உறையைக் கிழித்துப் படித்தார். "முகாம்ல டாக்டர் முன்னாடியே உங்க மகன் கன்னத்துல பஞ்சு வெச்சு எடுத்து, சீல் போட்டு அனுப்பினது. குழந்தையோட பஞ்சும் அதுவும் சுத்தமா ஒத்துப்போகுது. அப்பா அவருதான்."

"பாத்தீங்களா? கையெழுத்தப் போடுங்க சார், டீ ஆறுது."

அதிகாரி பேனாவை எடுக்கவில்லை. "இப்பத்தாம்மா வில்லங்கமே. லீவு எடுக்காத ஆளு எப்படி அப்பா ஆனாரு? காவல விட்டுட்டு வீட்டுக்கு ஓடி வந்திருக்காரு. இதுக்கு ராணுவக் கோர்ட்டு இருக்கு. வேலையும் போகும், ஆளும் உள்ள போவாரு."

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகினாள். கடை திறந்துவிட்டது என்று அர்த்தம்.

"போன வருஷ லீவுல மிச்சம் மீதி ஏதாச்சும் இருக்கும், தேடிப் பாருங்க. ஒரு வாரமா போட்டுக்கலாம்."

"லீவு என்ன கொத்தமல்லியாம்மா, கொசுறு போட?"

"சரி, ஒரு நாள். உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம், அரை நாளா எழுதிக்குங்க. என் பையன் சுறுசுறுப்பு."

மருமகளுக்குப் பொறுக்கவில்லை. "அவரு அங்கேருந்து ஒரு அடி நகரல சார். அந்த மனுஷன் மேல பழி போடாதீங்க."

"நகரலையா?"

"நகரவே இல்ல."

அதிகாரி சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். மேஜைக்கு அடியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்து, கழுத்தில் அளவு நாடாவோடு முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். காகிதத்தை மெல்ல மடித்தார்.

"அச்சு அசலா ஒண்ணுபோல இருக்கற இரட்டையருக்கு இந்தப் பரிசோதனை ஒரே பதிலைத்தான் சொல்லும். பஞ்சுக்கு அண்ணன் எது தம்பி எதுன்னு தெரியாது." குரல் ஏறியது. "ஏன்டா, அண்ணன் அங்க பனியில நின்னு காவல் காக்கறான். நீ இங்க உக்காந்துகிட்டு இந்த வேலைதான் பாக்கறியா?"

டெய்லர் அளவு நாடாவை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். மாமியார் செருகிய முந்தானையை உருவிவிட்டாள்.

"அட்டையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது," என்று அதிகாரி பையை மூடி எழுந்தார். வாசலுக்குப் போனவர், மனசு கேட்காமல் மருமகள் பக்கம் திரும்பினார். "உனக்குக் கூச்சமா இல்லையாம்மா? தாலி கட்டினவன் எல்லையில கிடக்கறான். நீ கொழுந்தனோட குடும்பம் நடத்தறியே."

மாமியார் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றாள். மருமகள் டம்ளரை நங்கென்று மேஜைமேல் வைத்தாள். டெய்லர் அந்தச் சத்தத்துக்கும் ஒரு தடவை துள்ளி விழுந்தான்.

"எல்லையில இருக்கறதுதான் சார் கொழுந்தன்."