ட்ரிக்ஸி பாடாத மாலை

"ட்ரிக்ஸி வேல் பொறந்த வீடு இதுதானுங்களா?"

வலைக்கதவுக்கு உள்ளே நின்ற கிழவர் வந்தவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

"அந்தப் பேரை இந்த வாசல்ல கேட்டு அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. வாங்க, உக்காருங்க. நான் கிளைவ்."

வந்தவரான மெர்வ் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். உள்நாட்டு ஊரான டப்போவிலிருந்து ஈடன் கடற்கரை வரை தனியாகக் கார் ஓட்டி வந்த களைப்பு. மனைவி இறந்த பிறகு, வாழ்க்கையில் பாக்கி வைத்த ஆசைகளைத் தீர்க்கக் கிளம்பியவர் அவர். முதல் ஆசை இதுதான்.

பையிலிருந்து இசைத்தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். உறையில் ட்ரிக்ஸியின் படம்: மஞ்சள் கவுன், நெற்றியில் சுருள்முடி, வெட்கச் சிரிப்பு. பாட்டின் பெயர் 'சனிக்கிழமை ரிப்பன்'. அது வெளிவந்த கோடையில், அது ஒலிக்காத மில்க் பார் கடை இல்லை. அதை முணுமுணுக்காத பையனும் இல்லை.

"கட்டினா இவளைத்தான் கட்டுவேன்னு எங்கம்மாகிட்ட சொல்லி, துடைப்பத்தால அடி வாங்கினவன் நான்."

கிளைவ் இருமினார். தேநீரும் லாமிங்டன் கேக்கும் கொண்டுவந்த அவர் மனைவி நொலீன், தட்டை வைத்துவிட்டு அவசரமாகச் சமையலறைக்குள் போய்விட்டார்.

"நீங்க அண்ணனா, தம்பியா?"

"கூடவே பொறந்து வளர்ந்தவன்னு வெச்சுக்குங்க."

"ஒரே ஒரு பாட்டு. அப்புறம் ஆளையே காணோம். எங்க ஊர் டவுன் ஹாலுக்குப் பாட வந்தா. அம்மாவுக்குத் தெரியாம ரோஜாவை வெட்டி எடுத்துக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருந்தேன். திரையே தூக்கல. கச்சேரி ரத்துன்னுட்டாங்க. எல்லாரும் போனப்புறமும் பின்வாசல்ல நின்னேன். செம மழை."

கிளைவின் கைக்கோப்பை அந்தரத்தில் நின்றது. "மழையில பூவோட நின்ன பையன் நீதானா? காருக்குள்ள இருந்து பாத்துட்டு, ஊர் வர்ற வரைக்கும் ஒரே அழுகை!"

மெர்வ் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். "எனக்காகவா?"

"உனக்காகவும்தான். அன்னைக்குத்தான்யா குரல் போச்சு. மேடைக்குப் பின்னால வாயைத் திறந்தா தகர டப்பாவை உருட்டின மாதிரி சத்தம். அதோட சரி. பழைய குரல் திரும்பவே இல்ல."

"ஐயோ, பதிமூணு வயசுக் குழந்தைக்கா!" மெர்வ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப எங்க இருக்கா? மறைக்காதீங்க. கல்லறைன்னாலும் காட்டுங்க, பூ வெச்சிட்டுப் போயிடறேன்."

"பாவங்க, சொல்லிடுங்க!" என்றது சமையலறையிலிருந்து நொலீனின் குரல்.

கிளைவ் தலை குனிந்து, அந்த மஞ்சள் கவுனை விரலால் மெல்லத் தடவினார்.

"தொண்டையில அப்படி என்ன நோய்?" என்று கேட்டார் மெர்வ்.

"நோயெல்லாம் ஒண்ணும் இல்லய்யா," என்றார் கிளைவ். "எனக்கு மீசை முளைச்சிடுச்சு."