அழுகுணி அக்கா

"உங்க வேலை இன்னியோட முடியுதுங்க."

சொன்னவன், அந்நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் புதிதாய்ச் சேர்ந்த இளம் அதிகாரி. எதிரே அமர்ந்திருந்தவள் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தாள்.

"ஏன் சார், நான்தான் கெடைச்சேனா? எங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா படுத்த படுக்கை. பொண்ணு இப்பத்தான் காலேஜ்ல காலடி வச்சிருக்கா. நான் எங்க சார் போவேன்?" அவள் கண்களிலிருந்து நீர் பொலபொலவென உதிர்ந்தது.

அவன் தலை கவிழ்ந்தான். அவளோ சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சொதப்பிட்டியே தம்பி! தலை குனிஞ்சா போச்சு. கண்ணைப் பார்த்துச் சொல்லணும். மேலாளர் மட்டும் இங்க இருந்திருந்தார்னா, உன் சீட்டுதான் கிழிஞ்சிருக்கும்."

அப்பிரிவில் அவள் பத்தொன்பது ஆண்டுகளாக எழுத்தர். விடுப்பு விண்ணப்பமும் பிரசவ உதவியும் ஒரு காலத்தில் அவள் கைவழியே சென்றன. பின்னர் விடுப்பைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. ஆள் தேர்வைக் கணினி எடுத்துக்கொண்டது. மனிதர் வாயால் சொல்வதற்கென்று அங்கே எஞ்சியது விடைகொடுக்கும் சொல் ஒன்றே.

அதையும் பிழையறச் சொல்ல வேண்டுமென்று மேலிடம் ஒத்திகை ஏற்படுத்தியது. புதிய அதிகாரிகள் ஒவ்வொருவர் முன்னும் வேலையிழப்பவராக அமர்ந்து அழுவது அவள் பணியாயிற்று. அன்றைய வேடத்தை ஒரு சிறு அட்டையில் எழுதித் தருவார்கள். ஒருநாள் ஓட்டுநர், ஒருநாள் கணக்கர். 'அழுகுணி அக்கா' என்பது அலுவலகம் அவளுக்கு இட்ட பெயர்.

அந்த அழுகையில் நடிப்பு குறைவு. ஆறு மாதமாக மாடி மாடியாய் நாற்காலிகள் வெறுமையாகி வந்தன. மின்தூக்கியின் மணி ஒலித்தாலே, அடுத்து யாரை அனுப்ப வருகிறார்களோ என்று அவள் எட்டிப் பார்ப்பாள். இந்த அறையில் மட்டும் அச்சம் சற்றே தணியும். பொய்யாக இத்தனை முறை போனவளை மெய்யாக யார் அனுப்பப் போகிறார்கள்?

"ஆமா, இன்னிக்கு அட்டையே தரலையே, மறந்துட்டியா? அதான் என் வீட்டுக் கதையையே எடுத்து விட்டேன்."

குளிரூட்டிய அறையில் அவன் நெற்றி முத்து முத்தாய் வியர்த்திருந்தது.

"எதுக்குப்பா இப்படி வேர்த்துக் கொட்டுது? அக்கான்னு நினைக்காதே. முன்னப்பின்ன தெரியாத யாரோ உட்கார்ந்திருக்கான்னு நினைச்சுக்கோ. எங்கே, முதல்லேர்ந்து சொல்லு."

அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். இம்முறை அவள் விழிகளை நேரே நோக்கினான்.

"உங்க வேலை இன்னியோட முடியுதுங்க. இத்தனை வருஷம் உழைச்சதுக்கு ரொம்ப நன்றி."

குரல் பிசிறவில்லை, பார்வை விலகவில்லை. ஒரு கணம் அவளுக்குப் படுக்கையில் கிடக்கும் கணவரின் முகம் கண்முன் வந்து போயிற்று. நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

"யப்பா! ஒரு நிமிஷம் உயிரே போயிட்டு வந்துச்சு. நீ தேறிட்டே தம்பி!"

அவன் சிரிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து அவள் பக்கம் மெல்ல நகர்த்தினான்.

"இதுல ஒரு கையெழுத்து..."

"கையெழுத்தா? ஒத்திகையில அதெல்லாம் கிடையாதேப்பா?"

"ஒத்திகை எல்லாம் நேத்தோட முடிஞ்சு போச்சுக்கா."