நாய்க்கு ஓர் உழக்குத் தயிர்

"உனக்கு இனிமே தயிர் கெடையாது. தள்ளி நில்லு."

சூலியாத் தெரு முனையில், வாங்க வந்த அத்தனை பேருக்கும் முன்னால் தயிர்க்காரி வடிவம்மாள் இப்படிச் சொல்லிவிட்டாள். சுப்பையா நீட்டிய தகரக் குவளையை நீட்டியபடியே நின்றான்.

சுப்பையா நாய் பிடிக்கிறவன். கையில் நீண்ட மூங்கில் கழி, அதன் நுனியில் கம்பிச் சுருக்கு, பின்னால் கூண்டு வண்டி. அந்த வருஷம் ஊரெல்லாம் வெறிநாய் பயம். கழுத்தில் வரி கட்டியதற்கான பித்தளை வில்லை இல்லாத நாய் தெருவில் கண்ணில் பட்டால் போதும், சுருக்கு விழுந்துவிடும்.

ஒரு மாதமாக அவன் தினமும் உச்சிவேளைக்குச் சற்று முன்னால் வந்து ஓர் உழக்குத் தயிர் வாங்கிப் போனான். தனக்குத்தான் வாங்குகிறான் என்று வடிவம்மாள் நினைத்திருந்தாள். ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி வீட்டு அக்னஸ்தான் சங்கதியைச் சொன்னாள். தயிர் நேரே, பிடித்த நாய்களை அடைத்துவைக்கும் கொட்டடிக்குப் போகிறதாம். விஷத்தைக் கலந்து வைத்தால் நாய் சந்தேகப்படாமல் நக்கிவிடுமாம்.

"யாருக்குத் தயிர்?" என்று கேட்டாள் வடிவம்மாள்.

"நாய்க்குத்தான்க்கா."

"நாய்க்குத் தயிர் நல்லதுன்னு எனக்கும் தெரியும். நீ அதுல எதக் கலந்து குடுக்குற?"

"ஒண்ணும் கலக்கலக்கா. மத்தத இங்க வெச்சுச் சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதாம்லா," என்றார் பக்கத்துக் கடை சீனி முகம்மது. "சொன்னா நாயெல்லாம் உஷாராயிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். சுப்பையா குவளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தான்.

வடிவம்மாளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாதவள். தண்ணீர்மலைச் சாலையில் ஒரு கொட்டகை, இரண்டு பசு, சொக்கன் என்றொரு கறுப்பு நாய், அவ்வளவுதான் அவள் குடும்பம். வியாபாரம் முடிந்து வீட்டுக்குப் போனதும் பானையின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சொக்கனுக்கு வைப்பாள். தயிர் தின்கிற நாய்க்குச் சொறி வராது, முடி பளபளக்கும் என்பது அவள் கணக்கு. சொக்கன் நக்குகிற நக்கில் கிண்ணம் முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்துவிடும்.

அப்படிப்பட்ட தயிரில் விஷமா?

பாசார்ச் சந்தையில் தயிர் விற்கிற பெண்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருத்தி வேண்டாமென்று ஒதுக்கிய ஆளுக்கு மற்றவளும் ஊற்றமாட்டாள். வடிவம்மாள் போய் இன்னொரு தயிர்க்காரி ருக்குமணியிடம் சொன்னாள். ருக்குமணி மற்றவர்களிடம் சொன்னாள். அன்று மாலைக்குள் சுப்பையாவுக்கு எந்தப் பானையும் சாயாது என்றாகிவிட்டது. வடிவம்மாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் அவள் கொட்டகைக்குத் திரும்பியபோது சொக்கனைக் காணவில்லை. கழுத்துப்பட்டை அறுந்து வேலியில் தொங்கியது. வில்லை அதிலேயே இருந்தது.

பொழுது சாயும்வரை தேடினாள். அக்னஸ் வீட்டுக்கும் போய்க் கேட்டாள். நாய் வண்டியில் ஏற்றியிருப்பார்கள், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, மூன்று நாள் வைத்திருந்து சொந்தக்காரர் வந்தால் கொடுத்துவிடுவார்கள் என்று அக்னஸ் தைரியம் சொன்னாள்.

மூன்று நாள் இருக்கிறதே என்று வடிவம்மாள் மறுநாள் காலை வியாபாரத்தை முடித்துவிட்டே கிளம்பினாள். முந்தானையில் வில்லையை முடிந்துகொண்டாள். சொக்கனுக்காக ஒரு கிண்ணத்தில் தயிரும் எடுத்துக்கொண்டாள்.

கொட்டடியில் சுப்பையா கூண்டு கழுவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவள் வில்லையைக் காட்டி நாயைக் கேட்டாள்.

"கறுப்பா, நெத்தியில மட்டும் வெள்ளையா?"

"அதேதான். எங்க இருக்கு?"

அவன் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தான்.

"காலையில சுட்டுட்டாங்கக்கா. உங்க நாயின்னு எனக்குத் தெரியாது."

வடிவம்மாள் வில்லையை மறுபடியும் நீட்டினாள். "மூணு நாள் வெச்சிருப்பாங்கன்னு சொன்னாங்களே."

"தின்னாத்தான் மூணு நாள். தினம் காலையில மிருக டாக்டர் துரை வருவாரு. சோத்த வெச்சுப் பாப்பாரு. வாய் வைக்காத நாய வெறின்னு எழுதி அப்பவே சுடச் சொல்லிடுவாரு."

"என் சொக்கனா வாய் வைக்காது? எதப் போட்டாலும் திங்குமே அது."

சுப்பையா சுவரில் சாய்த்திருந்த மூங்கில் கழியைப் பார்த்தான். அதன் நுனியில் கம்பி பளபளத்தது.

"இந்தச் சுருக்குல இழுத்தா தொண்ட வீங்கிடும்க்கா. ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது. தயிர் மட்டும் எறங்கும். சோத்துல கொஞ்சம் பெசஞ்சு வெச்சா, துரை பாக்குறப்பவே நக்கிடும். நெசமா வெறி புடிச்சது அதையும் தொடாது. நல்ல நாயி பொழச்சுக்கும். வெளித் தீனி உள்ள வரக் கூடாதுன்னு உத்தரவு. வெளிய தெரிஞ்சா என் வேல போயிடும்."

வடிவம்மாள் தயிர்க் கிண்ணத்தைத் தரையில் இறக்கினாள்.

"நேத்துப் புடிச்ச நாயிங்களுக்காகப் பாசார் முழுக்க அலஞ்சேன்," என்றான் சுப்பையா, அவள் முகத்தைப் பார்க்காமல். "ஒருத்தரும் ஒரு உழக்கு ஊத்தலக்கா."