இந்த வருஷத்துப் பைகள்

டெல்மர் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைச் சுண்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல எல்க் மானோட ஒரு தொடையை ஏத்தினா, பாதி மலை இறங்கறதுக்குள்ள தையல் விட்டுரும்."

கடை நடத்தும் ட்வைலா ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மொன்டானாவில் வேட்டைச் சாமான் விற்கிறவளுக்கு, வேட்டைப் பருவத்துக்கு முந்தின ஆகஸ்ட் மாதம் முழுக்கக் காது கேட்காது.

கூட வந்த ஹார்லன் சுவரில் தொங்கிய பைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவற்றில் ஏதாவது ஒன்று தனக்குப் பொருந்தித் தொலைத்துவிடுமோ என்று அவருக்குப் பயம்.

வசந்த காலத்தில் டாக்டர் அவருடைய முதுகெலும்பின் படத்தைக் காட்டி, கனமாக எதையும் தூக்கக் கூடாது, தூக்கினால் ஒரு கால் செத்துப்போகும் என்று சொல்லியிருந்தார்.

டெல்மரிடம் அதைச் சொல்லியிருக்கலாம். இருபத்தைந்து வருஷமாக ஒரே கூடாரத்தில் படுத்து, ஒருவர் குறட்டைக்கு இன்னொருவர் விழித்திருந்த சிநேகிதர்.

ஆனால் அவர்கள் வாழும் அந்தப் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. அங்கே ஆண்களுக்கு வயதாவதில்லை. சாமான்தான் சரியில்லாமல் போகும். குறி தப்பினால் துப்பாக்கியின் தொலைநோக்கியில் கோளாறு. மூச்சு வாங்கினால் பூட்ஸ் கனம்.

முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னவனை யாரும் கேலிகூடச் செய்ய மாட்டார்கள். "உன் கறியையும் நானே சுமக்கிறேன், நீ சும்மா வா" என்பார்கள். அதற்குப் பிறகு அவன் ஊர் மதுக்கடையில் ஓரத்து நாற்காலியைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

டெல்மர் அடுத்த பையை இறக்கினார். சுமையைக் குறைக்க வேண்டும் என்று பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தவர் அவர். தொப்பை மட்டும் எந்தக் கணக்கிலும் வந்ததில்லை.

"சட்டம் பூரா கார்பன்டா. ராக்கெட்டுக்குப் போடறது."

"ராக்கெட்டு எந்த மலையில எல்க் சுமந்துச்சு?"

"உனக்கெல்லாம் கோணி போதும்டா."

ட்வைலாவின் கடையில் பையை வெறுமையாக மாட்டிப் பார்க்க முடியாது. கண்ணாடி பார்ப்பதற்கு இது கல்யாணக் கோட்டா என்பாள். மணல் மூட்டைகளை உள்ளே ஏற்றிக்கொண்டு கடையைச் சுற்றி நடக்க வேண்டும். நடந்தவனுக்குத்தான் பை.

"எவ்வளவு ஏத்தட்டும்?"

"எண்பது பவுண்டு" என்றார் டெல்மர். "முதல்ல நான். அப்புறம் இவன்."

அப்புறம் இவன். ஹார்லன் வாசல் கதவைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. ட்வைலா கல்லாவுக்குப் போனாள். "நானே ஏத்திக்கிறேன்" என்று டெல்மர் பையோடு, மணல் மூட்டைகள் கிடக்கும் இடத்துக்கு, கூடாரங்கள் தொங்கும் வரிசைக்குப் பின்னால் மறைந்தார். ஏதோ உரசும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு முனகல். பிறகு ஒரு கெட்ட வார்த்தை.

வெளியே வந்தபோது பாதியாக வளைந்திருந்தார். முகம் வேகவைத்த நண்டு மாதிரி இருந்தது. தூண்டில் அலமாரி வரை வந்தார். அங்கே கிடந்த பெஞ்சில் பையோடு சரிந்தார்.

ஹார்லன் காத்திருந்தார். இனிப் பட்டையில் குறை வரும், சட்டத்தில் குறை வரும், கம்பெனியே அயோக்கியக் கம்பெனி என்று ஆகும்.

"பையில ஒரு குத்தமும் இல்லடா" என்றார் டெல்மர். "எனக்குத்தான் முடியல."

பூட்ஸ் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்துவிடும்.

"இந்த வருஷம் மலை வேணாம். ரோட்டோரமா வண்டிய நிறுத்திட்டு காட்டுக்கோழி சுடலாம். என்ன சொல்றே?"

ஹார்லன் மூச்சு விட்டார். வசந்த காலத்திலிருந்து நெஞ்சில் அடைத்து நின்ற மூச்சு. உடம்பே தக்கைபோல மிதந்தது. மிதக்கிற மனிதனுக்குத் தாராளம் தானாக வரும். டெல்மரின் தோளில் தட்டினார். கடைக்கே கேட்கும்படி சொன்னார்:

"வயசாகுதுல்ல, பரவாயில்ல விடு. உனக்காக நானும் இந்த வருஷம் ஏறல."

டெல்மர் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். பையைக் கழற்றி பெஞ்சிலேயே விட்டுவிட்டு, மூலையில் இருந்த காபிக் குடுவையை நோக்கிப் போனார்.

இன்னும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த ட்வைலா, பையைச் சுவரில் மாட்டிவிடும்படி ஹார்லனுக்கு மோவாயால் காட்டினாள்.

அவர் தூக்கக் கூடாத கனம் அது. மணலை வெளியே எடுத்துவிட்டு மாட்டலாம் என்று, பையை மெல்லத் தன் பக்கம் சாய்ப்பதற்காகப் பட்டையைப் பிடித்து இழுத்தார்.

பை ஒற்றைக் கையில் எகிறி வந்து அவர் மூக்கில் இடித்தது.

பையின் வாயைத் திறந்து பார்த்தார். உள்ளே, கடையில் தொங்கும்போது பை உப்பலாகத் தெரிவதற்காகத் திணித்த பழுப்புக் காகிதம். கசங்கிய வெறும் காகிதம்.

எட்டிப் பார்த்தார். கூடாரங்களுக்குப் பின்னால் மணல் மூட்டைகள் வரிசை கலையாமல் இருந்தன.

பூட்ஸ் ஆட்கள் இன்னும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹார்லன் பையின் வாயை இறுக்கி மூடினார். முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். எண்பது பவுண்டுக்கு உண்டான முனகலைக் கொடுத்தார்.

நாலடி வைப்பதற்குள் டெல்மர் காபியை வைத்துவிட்டு வந்து மறுபக்கப் பட்டையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, காதோடு சொன்னார்:

"மெதுவாடா. உன் முதுகுக்கு ஏதாவது ஆச்சுன்னா, விஷயத்தை எங்கிட்ட சொன்ன உன் பொண்டாட்டி என்னை உயிரோட விடமாட்டா."

இரண்டு பேரும் அந்தக் காகித மூட்டையைச் சுவர்வரை சுமந்து போனார்கள். வழியில் ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டார்கள்.