நிற்கத் தெரிந்த ஜீப்

"மிஸ்திரி அண்ணே, இதைப் போட்டா வண்டி எந்த ஏத்தத்துல நிக்கும்?"

ஜம்புலிங்கத்தின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கால் கட்டைவிரலில் விழுந்தது. கத்தக்கூட மறந்துபோனார். வண்டி எவ்வளவு வேகம் ஓடும் என்று கேட்டவர்கள் உண்டு. எங்கே நிற்கும் என்று கேட்டவன் போர்ட் பிளேயரிலேயே இந்த அய்யூப் ஒருத்தன்தான்.

"என்ன பாய், காலையிலேயே வெயில் மண்டையில ஏறிடுச்சா?"

அபர்தீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அய்யூப், பட்டாளத்தார் கழித்துப்போட்ட ஜீப் ஒன்றை வாங்கியிருந்தான். அதற்குள் ஏலத்தில் எடுத்த லாரி எஞ்சினைத் திணிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஜம்புலிங்கமும் திணித்துவிட்டார். ஆட்டுக்குட்டி யானையை விழுங்கிய மாதிரி பானெட் மூடாமல் நின்றது ஜீப். பாக்கி கேம்ஷாஃப்ட் மட்டும்தான். பெஞ்சு மேல் இரண்டு கிடந்தன.

"நல்லாக் கேட்டுக்க. வால்வு எப்பத் திறக்கணும், எப்ப மூடணும்னு உத்தரவு போடறதே இந்தத் தண்டுதான். இது லாரியோடது. புடைப்பு கம்மி. ஊர்ந்து போனாலும் இழுக்கும். தீவையே கட்டிவிட்டாலும் இழுக்கும். அது வேகப் படகுல கழட்டினது. எஞ்சின் ஒரே ஜாதிதான், ஆனா புடைப்பு உசரம். சமதரையில விரட்டினா கடல் மேலயே மெயின்லேண்டுக்குப் போயிடும். சுத்து குறைஞ்சுதோ, மூச்சு இருக்காது. பாரத்தோட ஏத்தத்துல விட்டே, செத்துடும்."

"ஹாடோ ஏத்தத்துல சாகுமா? ரெண்டு மூணு ஆள், பெட்டி கிட்டி எல்லாம் ஏத்தினா?"

"ஏக்தம் சாகும், சந்தேகமே வேணாம். பாதி ஏத்தத்துல, அந்தப் பெரிய படாக் மரத்துக்கு எதிர்ல."

"பக்கா?"

"என்கிட்டயே பக்காவா?"

"அப்ப அதையே மாட்டுங்க அண்ணே. வெள்ளிக்கிழமை காலையில வண்டி வேணும்."

ஜம்புலிங்கத்துக்குத் தலை சுற்றியது. வெள்ளிக்கிழமைக் கப்பலில் அவரே தீவை விட்டுக் கிளம்புகிறார். மதுரையில் மச்சான் பெரிய லாரி ஷெட் போட்டுக்கொண்டு வா வா என்கிறார். இங்கே அவர் பார்க்கிற கடைசி வேலை இந்த ஜீப்.

"யோசிச்சுப் பாரு பாய். நான் போன கையோட வண்டி நடுரோட்டுல நின்னா ஊர் என்ன பேசும்? ஜம்புலிங்கம் கடைசியில சொதப்பிட்டுப் போனான்னு காறித் துப்பாது?"

"யாரும் துப்ப மாட்டாங்க அண்ணே. சந்தோஷப்படுவாங்க."

சந்தோஷமா! குழப்பத்தில் அன்று டீயில் உப்பைப் போட்டுக் குடித்தார். மறுநாள் கிரீஸ் டப்பாவைத் திறந்து நெற்றியில் விபூதியாகப் பூசிக்கொண்டார். நிற்பதற்காக ஒருவன் எஞ்சின் மாற்றுவானா?

புதன்கிழமை டீக்கடையில் லாரிக்கார சிவஞானம்தான் காதைக் கடித்தான். "கேட்டீங்களா அண்ணே? அய்யூப் வீட்டுல சண்டை. அவன் பொண்டாட்டி மஸூதா இந்த வெள்ளிக்கிழமைக் கப்பல்ல கீழக்கரைக்கு, அம்மா வீட்டுக்குப் போகுதாம்."

ஜம்புலிங்கத்துக்குப் பொறி தட்டியது. ஓடிப்போய் அய்யூப்பின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"அடக் கள்ளா! ஜெட்டிக்குப் போற ஏத்தத்துல வண்டி நிக்கணும், கப்பல் தவறணும். அதானே?"

அய்யூப் தரையைப் பார்த்துக்கொண்டே நெளிந்தான். "உங்களுக்குத் தெரியாததா அண்ணே."

அதற்கப்புறம் அவர் பார்த்த வேலை இருக்கிறதே, அது வேலை இல்லை, பூஜை! ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைக்கிற புண்ணியம் அல்லவா? அந்தப் படாக் மரத்தைத் தாண்டி ஒரு முழம்கூட நகரக் கூடாது என்று கார்புரேட்டரையும் கூட்டிக் குறைத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய பெட்டியை ஏற்ற வேண்டிய சிவஞானத்தின் லாரி வரவில்லை. கிளட்ச் போய்விட்டதாம். காதர் பாய் வேன் ஸ்டார்ட் ஆகவில்லையாம். அன்றைக்கென்று ஊர் வண்டிகளுக்கெல்லாம் ஒரே காய்ச்சல்.

அவர் குடியிருந்த ஜங்கிலிகாட் தெருவே அதிர, ஜீப் வந்து நின்றது. பின்னால் மஸூதா.

"ஏறுங்கண்ணே! ஒரே கப்பல்தானே?"

நடந்தால் கப்பல் போய்விடும். ஏறினால் வண்டி நின்றுவிடும். சரி, மரத்தடியில் குதித்து ஓடிவிடலாம் என்று ஏறிக்கொண்டார். அவருடைய சாமான் பெட்டியை நாலு பேர் சேர்ந்து தூக்கிப் போட்டதில் ஜீப்பின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

சமதரையில் பறந்த ஜீப் ஹாடோ ஏற்றத்தில் முனகியது, இருமியது, படாக் மரத்துக்கு நேர் எதிரே உயிரை விட்டது. ஒரு முழம் முன்னே இல்லை, பின்னே இல்லை.

"எப்படி?" என்று அய்யூப்பைப் பார்த்துக் கண்ணடித்தார் ஜம்புலிங்கம்.

"உங்களை மாதிரி மிஸ்திரி மெயின்லேண்டுலயும் கிடையாதுண்ணே!"

அவர் ஒரு காலைக் கீழே வைப்பதற்குள் சாத்தம் ஜெட்டியிலிருந்து கடைசிச் சங்கு ஊதிவிட்டது. கப்பல் மெல்ல நகர்வது மரக்கிளைகளுக்கு நடுவே தெரிந்தது. தன் கப்பலும் போய்விட்டது அவருக்கு அப்போதும் உறைக்கவில்லை. பாவம் அந்தப் பெண் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

"வருத்தப்படாதேம்மா தங்கச்சி, அடுத்த கப்பல்ல…"

"எனக்கென்னண்ணே வருத்தம்?" மஸூதா டிபன் கேரியரைத் திறந்தாள். "உங்களுக்குப் பிடிக்குமேன்னு சோறும் மீன் ஆணமும் வச்சிருக்கேன். சாப்பிட்டுட்டு வண்டியைப் பாருங்க."

கீழே, கிளட்ச் போன சிவஞானத்தின் லாரி பஜார் ஜனத்தையே ஏற்றிக்கொண்டு ஜோராக ஏற்றம் ஏறி வந்துகொண்டிருந்தது.

ஜம்புலிங்கம் மெதுவாக ஜீப்பின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். அதில் இருந்தது ஒரே ஒரு பெட்டி, அவருடையது.