கடைசி ஆள்

முதலில் போனவன் சாகவில்லை. கம்பவுண்டருக்கு அதுதான் உறுத்தியது.

ராணுவம் வளைத்திருந்த சோப்புக் கம்பெனியின் பின்வாசலிலிருந்து சந்து ஒன்றைத் தாண்டி எதிரே இடிந்து கிடந்த சுவருக்குப் பதினைந்து எட்டு வைக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய சாக்கடை. இறங்கிவிட்டால் ஆற்றங்கரைக்குப் போய்விடலாம்.

சந்துக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு சிப்பாய் குப்புறப் படுத்திருந்தான். போனவனை அவனுடைய துப்பாக்கிக் குழல் சுவர்வரை கொண்டுபோய் விட்டது. சுடவில்லை.

சிப்பாய்க்குத் திடீரென்று இரக்கம் சுரந்துவிட்டது என்று நம்ப கம்பவுண்டர் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. அவன் கடைசி ஆளுக்காகக் காத்திருந்தான்.

கடைசி ஆள் யார் என்று நாட்டுக்கே தெரியும். விடுதலைச் சண்டை தொடங்கி ஆறு வருடமாகிறது. எந்தக் கட்டடத்தில் மாட்டிக்கொண்டாலும் தளபதி எல்லோரையும் அனுப்பிவிட்டுத்தான் வெளியே வருவார். அவர் முகம் சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்கிறது. ஒருவர் பின் ஒருவராகப் போனால் சிப்பாய் ஆள் மாறிச் சுட மாட்டான். மொத்தமாக ஓடினால், தளபதி அதற்குள் இருந்தாலும் இருப்பார் என்று எல்லோரையும் அரைத்துத் தள்ளிவிடுவான்.

தளபதி, கம்பவுண்டருக்கு அக்கா புருஷன். இந்தப் பிடிவாதம் அவருக்குச் சண்டையில் வந்ததில்லை. குடும்பத்தோடு வெளியூர் கிளம்பினால்கூட எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் ஏறுவார். இரண்டு தடவை பஸ் அவரை விட்டுவிட்டே போயிருக்கிறது. தலை போனால் உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தலைமைக் குழு கோபித்துக்கொண்டது. நான் முன்னால் போனால் பின்னால் வருகிறவன் ஓடுவான், நான் பின்னால் வந்தால் முன்னால் போகிறவன் நடப்பான் என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

கம்பவுண்டர் உள்ளறைக் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். தளபதி உள்ளே பெயர்ப் பட்டியலை எரிக்கிறார், கடைசியில் வருவார், ஒவ்வொருவராக நடந்து போங்கள் என்றார். கதவுக்கு அடியில் புகை வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் வேறு எப்படி இருப்பார்?

கம்பவுண்டரின் கைகளில் முழங்கைவரை ரத்தம். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அங்கே ரத்தத்துக்கா பஞ்சம்?

முன்கதவுக்கு முட்டுக்கொடுத்து அடுக்கிய சோப்புப் பெட்டிகளில் குண்டுகள் பொத் பொத்தென்று புதைந்தன. மேல் ஜன்னல் வழியாக ஒரு கையெறிகுண்டு வந்து விழுந்தது. எடுத்துத் திருப்பி எறியப்போன வெல்டருக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. கம்பவுண்டர் பெல்ட்டால் இறுக்கிக் கட்டி முடிப்பதற்குள் அவர் தரையில் கையைத் தேடப் போனார். கல்யாண மோதிரம் அதில் இருந்தது.

பரணில் இருந்த இருவர் கொதிக்கும் காஸ்டிக் சோடாவை வாளியோடு வெளியே கொட்டினார்கள். கீழே நின்றவர்களின் அலறல் மனிதக் குரலாகவே இல்லை. பஸ் கண்டக்டராக இருந்தவருக்குக் கழுத்தில் குண்டு பாய்ந்தது. சோப்புக் கட்டிகளுக்கு நடுவே அவர் கால்கள் கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டன, பிறகு நின்றுவிட்டன.

வெல்டர் சுவரை நோக்கிப் போனார். பரணில் இருந்தவர்கள் போனார்கள். இன்னும் மூன்று பேர் போனார்கள். யாரும் ஓடவில்லை. ஒவ்வொருவரும் பின்வாசலில் ஒருமுறை திரும்பி உள்ளறைக் கதவைப் பார்த்தார்கள்.

முன்கதவைக் கடைசிவரை பிடித்து வைத்திருந்தவர் தையல்காரர். பலகையைப் பிளந்துகொண்டு கோடாலி உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான் அவர் துப்பாக்கியைக் கீழே போட்டார். தளபதியும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். உள்ளறைக்கு வெளியே நின்று, கிளம்புகிறேன் என்று குரல் கொடுத்தார். பதிலுக்காக நின்றார்.

கம்பவுண்டர் கையைப் பின்னால் விட்டு விரல் முட்டியால் கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

முப்பது வருடம் தோளும் கையும் அளந்த மனிதர். எதிரே நிற்பவரின் தோள் அசைந்ததைக் கவனிக்காமலா இருந்திருப்பார்? அவர் முகம் ஒரு கணம் கோணிப்போய், மறுபடி நேரானது.

"நான் நடந்துதான் போறேன்னு அவன்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

நடந்துதான் போனார்.

கம்பவுண்டர் கதவைத் திறந்தார். காலையில் உள்ளறை ஜன்னலைத் துளைத்த முதல் குண்டே தளபதியின் கண்ணுக்குக் கீழே ஏறியிருந்தது. அரை மணி நேரம் இரண்டு கைகளாலும் பொத்திப் பார்த்தும் கம்பவுண்டரால் ரத்தத்தை நிறுத்த முடியவில்லை. பிறகு சாக்குகளின் மேல் படுக்கவைத்து, கண்ணை மூடிவிட்டு, பட்டியலுக்குத் தீ வைத்துவிட்டுத்தான் வெளியே வந்து கதவைச் சாத்தியிருந்தார்.

இப்போது அழுகை வந்தது. மறைக்க ஆள் இல்லாததால் வாய்விட்டே அழுதார்.

"மச்சான், நான் முன்னாடி போறேன்."

முன்கதவு பெட்டிகளோடு சரிந்து விழுந்தது. அவர் பின்வாசலில் இறங்கினார். முதுகு கூசியது. ஓடச் சொல்லிக் கால் கெஞ்சியது. பதினைந்து எட்டையும் நடந்தார். தொட்டியின் மேலிருந்த துப்பாக்கிக் குழல் சுவர்வரை அவரோடு வந்தது. பிறகு சாவகாசமாகப் பின்வாசலுக்கே திரும்பிக் காத்திருந்தது.